முறையியல் இயலில் இடம்பெறாத பேட்டரியும் பேரிங்கும்

கடந்த மாதம் ஆய்வேட்டின் முறையியல் இயலை எழுதி முடித்தேன். உப்புப் பரப்பின்மேல் நிகழும் நீராவி, வெப்பப் பரிமாற்றத்தை அளந்த கருவிகள், அவற்றின் துல்லியம், தரவு விடுபட்ட நாள்களை நிரப்பிய முறை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அக்கருவிகளை நான்கு பருவங்களாகச் சுமந்துசென்று, அவற்றிற்கு மின்சாரமும் எங்களுக்கு நிழலும் தந்த பழைய டிரெய்லரைப் பற்றி மட்டும் ஒன்றரை வரிதான் இருக்கிறது. கள ஆய்வகமாக ஓர் இழுவை வண்டி பயன்படுத்தப்பட்டது; மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து பெறப்பட்டது. ஆய்வேட்டுக்கு அது போதும். ஆனால் களப்பணிக்குப் பழைய வண்டியொன்றைத் தயார் செய்யும் நிலையிலுள்ள இளம் ஆய்வாளர்கள் சிலர், எந்தப் பேட்டரி வாங்குவது, சக்கரங்களை எப்படிப் பேணுவது என்று என்னிடம் கேட்டுவருகிறார்கள். அவர்களுக்காக அந்த ஒன்றரை வரியை இங்கே விரித்து எழுதுகிறேன்.

அகமதாபாத்திலுள்ள எங்கள் துறைக்குச் சொந்தமான இந்த டிரெய்லர் இருபது வயதைக் கடந்தது. ஓர் அச்சு, இரண்டு சக்கரங்கள், இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய ஒரு பெட்டி. உள்ளே இரண்டு படுக்கைப் பலகைகள், ஒரு மேசை, நீர் மாதிரிகளை வைக்க ஒரு சிறு குளிர்பெட்டி. குஜராத்தியில் ரயில் பெட்டிக்கும் தகர டப்பாவுக்கும் 'டப்போ' என்ற ஒரே சொல்தான். துறையில் இதற்கும் அதுவே பெயர். துறையின் ஜீப் இதை இழுத்துச் செல்லும்.

நாங்கள் போகுமிடம் கட்ச் சிறிய ரண். மழைக்காலத்தில் அது நீர் தேங்கிய சேற்றுப் பரப்பு. அக்டோபர் வாக்கில் நீர் வடியத் தொடங்கியதும் அகரியாக்கள் எனப்படும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள் உள்ளே சென்று, ஏறத்தாழ எட்டு மாதம் அங்கேயே குடிலமைத்துத் தங்கி, நிலத்தடி உவர்நீரை இறைத்து உப்பு விளைவிக்கிறார்கள். எங்கள் அளவீட்டுப் பருவமும் அதுவே. டிசம்பர் இரவுகளில் குளிர் நடுக்கும். மே மாதப் பகலில் வெப்பம் 45 பாகையை எட்டும். மீதி நான்கு மாதம் டப்போ வளாகத்தின் ஒரு மூலையில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். பேட்டரிக்கும் சக்கரப் பேரிங்குக்கும் ஓடுகிற எட்டு மாதத்தைவிட நிற்கிற இந்த நான்கு மாதமே பெரிய சோதனை. இந்தப் பதிவில் நான் சொல்லவிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பதுதான்.

நான் சேருவதற்கு முன்புவரை டப்போவைப் பேணிவந்தவர் ஒரு திட்ட உதவியாளர். திட்டம் நீட்டிக்கப்பட்டபோது அவருடைய பணியிடம் நீட்டிக்கப்படவில்லை. எந்த நட்டை எவ்வளவு முடுக்கவேண்டும், எந்தப் பேட்டரி நீரை விரைவாகக் குடிக்கும் என்பதெல்லாம் அவர் கையோடு போய்விட்டது. அவர் அவற்றை எழுதிவைக்கவில்லை. எழுதும்படி யாரும் கேட்கவும் இல்லை. முதலாண்டு ஆராய்ச்சி முறையியல் தாளுக்காக ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தோம். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் பாயிலின் ஆய்வகத்தில் கருவிகளை இயக்கிய பணியாளர்கள் பதிவுகளில் எவ்வாறு பெயரற்றுப் போனார்கள் என்பதைப் பேசும் கட்டுரை அது. வகுப்பில் அனைவரும் அதைப் பாராட்டினோம். எங்கள் துறையின் வெளியீடுகளில் அந்த உதவியாளருக்கு ஒரு நன்றிக்குறிப்புக்கூட இல்லை என்பதை அப்போது யாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

என் கைக்கு வந்தபோது டப்போவின் முன்னேர்க்காலின் மேலிருந்த பெட்டிக்குள் மூன்று டியூபுலர் பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 150 ஆம்பியர்-மணி; வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் அதே வகை. மூடிகளைத் திறந்து பார்த்தால் ஒன்றில் நீர்மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கி, மேல்விளிம்பில் வெண்மை படர்ந்திருந்தது. முதற்பருவம் முழுவதும் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் அறுந்து, விடியும்வரை தரவில்லாத வெற்று வரிகளே கோப்பில் எஞ்சின. உப்புப் பரப்பில் விடியலுக்கு முந்தைய மணிகளே என் ஆய்வுக்கேள்விக்கு மையம். ஆகவே பேட்டரித் தெரிவு எனக்கு வசதி பற்றிய கேள்வியன்று. ஆய்வேடு நிற்குமா விழுமா என்பதே அதில் அடங்கியிருந்தது.

பேட்டரி வாங்குவோர் பலர் விலையில் தொடங்குகிறார்கள். செலவாகும் மின்சாரத்தில் தொடங்கவேண்டும். எங்கள் கருவிகள் அனைத்தும் சேர்ந்து 25 வாட், இருபத்துநான்கு மணி நேரமும். அது நாளொன்றுக்கு 600 வாட்-மணி. குளிர்பெட்டி விட்டுவிட்டு ஓடினாலும் சராசரியாக 480. மடிக்கணினி, விளக்கு, விசிறி எல்லாம் சேர்ந்து 320. மொத்தம் 1400 வாட்-மணி. 12 வோல்ட்டில் ஏறத்தாழ 117 ஆம்பியர்-மணி. புழுதியோ மேகமோ வெயிலை மறைக்கும் நாள்களுக்காக இரண்டு நாள் இருப்பு வேண்டுமென்றால் 235. இது பயன்படுத்தும் அளவுதான். பேட்டரியின்மேல் அச்சிட்டிருக்கவேண்டிய அளவு வேறு. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் அதற்கு ஆயுள். ஆகவே 470 வேண்டும். பழைய மூன்றும் புதிதாக இருந்த காலத்திலேயே 450தான் தந்திருக்கும். பெயர்ப்பலகை அளவும் 20 மணி நேரத்தில் மெதுவாக வடிக்கும்போது கிடைப்பது. வேகமாக வடித்தால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். இதை 1897லேயே பாய்கெர்ட் ஒரு சமன்பாடாக எழுதிவிட்டார்.

ஈய-அமிலப் பேட்டரியை இழித்துப் பேசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. நான் அதற்கு உடன்படவில்லை. காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய அந்த வேதியியல் இன்றும் நம் தெருக்களை இயக்குகிறது. அதன் நோய் கண்ணுக்குத் தெரியும். ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பார்த்தால் ஆறில் எது தளர்ந்திருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.1 என்றால் பாதி. சுரேந்திரநகர் போன்ற ஊரில் எந்தக் கடைத்தெருவிலும் மாற்றுப் பேட்டரி கிடைக்கும். பழையதை எடைக்கு எடுத்துக்கொள்ளவும் ஆள் உண்டு. ஒன்றைமட்டும் தவிர்க்கவேண்டும். கார், ஜீப்புகளைக் கிளப்பும் பேட்டரி மெல்லிய தகடுகளைக் கொண்டது. சில நொடிகளுக்குப் பெருமின்னோட்டம் தரவே அது செய்யப்பட்டது. நாள்தோறும் ஆழமாக வடித்தால் சில மாதங்களில் முடிந்துவிடும். விலை குறைவென்று அதைக் கள நிலையத்தில் மாட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஈய-அமிலம் எங்களுக்கு ஒவ்வாமல் போனதற்குக் காரணம் வேறு. அதன் மின்னேற்றத்தின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகவே நிறையும். டிசம்பரின் குறுகிய பகலில் எங்கள் 400 வாட் தகடுகளால் அந்தக் கடைசிப் பங்கை எட்ட முடிவதில்லை. முழுதாக நிறையாமல் நாள்தோறும் பாதியில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகத் தொடங்கும், பிறகு கரையமாட்டா. மே மாதத்திலோ வெயில் போதும், ஆனால் நீர் வற்றும். அதன்பின் மழைக்காலம் வருகிறது. வளாகம் வெறிச்சோடி, பேட்டரி தானே வடிந்து, மாதமொருமுறை மின்னேற்றம் செய்ய ஆளின்றி நான்கு மாதம் கிடக்கிறது. இம்மூன்று நோய்களுக்கும் மருந்து ஒன்றே: தொடர்ந்து கவனிக்கும் ஒரு மனிதர். அவருடைய பணியிடத்தைத்தான் முன்பே நீக்கியிருந்தோம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையின் இயல்பு இதற்கு நேர்மாறு. நாள்தோறும் பாதியில் நின்றால் அதற்குக் கேடில்லை. நெடுங்காலம் வைத்திருப்பதற்கு அரை நிறைவே அதற்கு உகந்தது. ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றி வடிக்கலாம். எனவே எங்களுக்கு 300 ஆம்பியர்-மணி போதும். (1997இல் இந்தச் சேர்மத்தின் பயனை அறிவித்த ஆய்வுக்கட்டுரையில் ஜான் குட்இனஃபுடன் பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகிய இரு இந்தியப் பெயர்களும் உண்டு. குட்இனஃபின் நோபலைப் பற்றிப் பேசும் நாம் அவற்றை அரிதாகவே நினைவுகூர்கிறோம்.) உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றக் கூடாது என்ற எச்சரிக்கை லடாக்கில் பணிசெய்வோருக்கு முதன்மையானது, ரண்ணில் அதற்கு வேலையில்லை. இங்கே பகை வெப்பம்தான்.

அதன் குறைகளைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நேர்மையாகாது. முதலாவது, வோல்ட்மீட்டரை நம்ப முடியாது. தொண்ணூறு விழுக்காட்டிலிருந்து இருபது விழுக்காடு வரை வடிந்தாலும் வோல்ட்டளவு 13.3க்கும் 12.9க்கும் இடையிலேயே நகரும். திடீரென்று ஒரு நொடியில் கீழே விழும். உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியேறியதையும் கணக்கிடும் ஷண்ட் மானி ஒன்றைக் கட்டாயம் பொருத்தவேண்டும். இரண்டாவது, பழைய மின்னேற்றக் கட்டுப்படுத்தி. ஈய-அமிலத்துக்கென அமைந்த கட்டுப்படுத்தி அவ்வப்போது 15 வோல்ட்டைத் தாண்டிச் சமன்செய்யும். லித்தியத்துக்கு அது ஆகாது, 14.2 முதல் 14.4 வரை போதும், சமன்செய்தல் கூடாது. கட்டுப்படுத்தியை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது பாதி வேலை. மூன்றாவதுதான் என்னை உறங்கவிடாதது. பேட்டரிக்குள் இருக்கும் மேலாண்மைச் சுற்று ஏதேனும் ஒரு காரணத்தால் தன்னைத் துண்டித்துக்கொண்டால், உப்புவெளியின் நடுவில் அதைத் திறந்து பார்க்கவோ ஐந்து நிமிடத்தில் நோயறியவோ யாராலும் இயலாது. ஈயம் கெடும்போது பல வாரம் முன்னரே முனகும். லித்தியம் ஒன்றும் சொல்லாது.

கொள்முதல் குழுவில் இதைப் பேசியபோது எதிர்ப்பு வேதியியலிலிருந்து வரவில்லை. ஈய-அமிலப் பேட்டரி நுகர்பொருள் தலைப்பில் வரும். லித்தியம் கருவித் தலைப்பில் வரும். கருவித் தலைப்பில் நிதி தீர்ந்துவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பல தொழில்நுட்ப முடிவுகள் இந்த இடத்தில்தான் எடுக்கப்படுகின்றன என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரிந்ததே. கிடைத்த விலைப்புள்ளியில் லித்தியம் மூன்று மடங்கு. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தோம். அதைவிடக் குழுவை அசைத்தது மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி: "ஜூலை மாதம் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?" அறையில் பதிலில்லை. கோப்பு நகர்ந்தது.

இறுதியில் இரண்டு தனித்தனி இணைப்புகளாகப் பிரித்தோம். தரவுப் பதிவியும் மெதுவான உணரிகளும் சேர்ந்து 6 வாட்தான். அவற்றிற்கென்று நீரூற்ற வேண்டாத 42 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி ஒன்று, அதற்கென்று ஒரு சிறு தகடு. மற்ற அனைத்தும் 300 ஆம்பியர்-மணி லித்தியத்தில். இரு வகைகளையும் ஒரே கம்பியில் இணைக்கவில்லை, இணைக்கவும் கூடாது. லித்தியம் மௌனமாகிவிட்டாலும் வெப்பநிலை, ஈரப்பதம், கதிர்வீச்சு, கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றின் பதிவு அறாது. மூன்றாம் பருவத்தின் மே மாதத்தில் பேட்டரிப் பெட்டிக்குள் வெப்பம் ஏறி மேலாண்மைச் சுற்று இருமுறை தன்னைத் துண்டித்துக்கொண்டது. அவ்விரு நாளும் எங்களுக்கு விசிறியும் விளக்கும் இல்லை, வேகக் கருவிகளின் தரவும் இல்லை. ஆனால் அடிப்படைப் பதிவு ஒரு வரியும் விடாமல் இருந்தது. பெட்டியை நிழல்பக்கம் திருப்பி, இரு பக்கமும் காற்றுத் துளையிட்ட பின் அச்சிக்கல் எழவில்லை. அருகே உப்புப் பாத்திகளுக்கு நீரிறைத்த அகரியா குடும்பத்தின் சூரிய பம்பில் பேட்டரியே கிடையாது. வெயிலிருந்தால் பம்பு ஓடும், இல்லையேல் நிற்கும். பாத்தியில் ஏறிய நீரே அவர்களின் சேமிப்பு. எங்கள் வேலைக்கு அந்த எளிமை வாய்க்கவில்லை.

லித்தியத்தால் ஏற்படும் ஒரு விளைவை எந்த விற்பனைத்தாளும் சொல்வதில்லை. பழைய மூன்று பேட்டரிகள் 175 கிலோ; புதியவை எல்லாம் சேர்த்து 50. சுமை குறைந்ததே என்று மகிழ்வதற்கு முன் அந்தச் சுமை இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும். பேட்டரிப் பெட்டி இணைப்புக் கொக்கியிலிருந்து அரை மீட்டர் பின்னால். அச்சு இரண்டரை மீட்டர் பின்னால். நெம்புகோல் கணக்கின்படி அங்கே குறையும் எடையில் ஐந்தில் நான்கு பங்கு கொக்கியின் சுமையிலிருந்தே குறையும். முன்பு 1300 கிலோ வண்டியில் கொக்கிச் சுமை 155 கிலோ, அதாவது 12 விழுக்காடு. பேட்டரியை மாற்றியதும் அது 55க்கு இறங்கி, ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியில் இல்லாத டிரெய்லர் வேகத்தில் பாம்புபோல் வால் ஆட்டும். முதல் சோதனை ஓட்டத்திலேயே மணிக்கு 50 கிலோமீட்டரில் ஆடியது. பின்புறம் அடுக்கியிருந்த 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் நான்கையும் முன்னே கொண்டுவந்த பிறகே அடங்கிற்று. திரும்பும்போது கேன்கள் காலியாகிவிடுவதால் உவர்நீர் மாதிரிப் புட்டிகள் அவ்விடத்துக்கு வரும்.

இனிப் பேரிங். பேட்டரி கெட்டால் தரவு போகும். பேரிங் கெட்டால் சக்கரம் போகும். நெடுஞ்சாலையில் கழன்றோடும் ஒரு சக்கரம் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரை என்ன செய்யும் என்று விவரிக்கத் தேவையில்லை.

எங்கள் டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு கூம்புருளைப் பேரிங்குகள் உண்டு. வெளிப்பக்கம் சிறியது, உட்பக்கம் பெரியது. ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான். சரிந்த உருளைகள் வண்டியின் எடையையும் வளைவில் எழும் பக்கவாட்டு அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும். உருளைகளோடு கூடிய உட்பகுதியைக் கோன் என்றும், ஹப்பினுள் இறுகப் பொருந்தியிருக்கும் வெளிவளையத்தைக் கப் என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். வெளியுறையில் பொறித்த எண்ணை முதல் நாளே குறித்துவைப்பது நல்லது. எங்களுடையவை 30206, 30208. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 30, 40. இந்த எண்ணைச் சொன்னால் எந்த ஊரிலும் பேரிங் கிடைக்கும். வண்டியின் பெயரைச் சொன்னால் எங்கும் கிடைக்காது.

இரண்டாம் பருவத்துக்கு முன் நகரத்துப் பணிமனை ஒன்றில் சக்கரப் பராமரிப்புக்கு விட்டோம். 'சக்கர சர்வீஸ், கிரீஸ்' என்று பட்டியலும் தந்தார்கள். முதல் பயணத்தில் 60 கிலோமீட்டர் கடந்து வீரம்காமில் தேநீருக்கு நின்றபோது, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு ஹப்புகளையும் அளந்தேன். காற்றின் வெப்பம் 33 பாகை. வலப்பக்கம் 46, இடப்பக்கம் 83. ஒரு பக்கத்து எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பேசும். வெப்பமானி இல்லாதவர் புறங்கையை அருகே கொண்டுபோனாலே வேறுபாடு தெரியும். பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டாலும் இப்படிச் சுடும் என்பதால் முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றினோம். சக்கரம் தடையின்றிச் சுழன்றது, ஆனால் மாவரைப்பதுபோல் உறுமியது. மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது ஆட்டம் கைக்குத் தெரிந்தது.

டிராக்டர் டிரெய்லர்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். சுற்றியிருந்தவர்களைப் போல நானும் அவரைக் காகா என்றே அழைத்தேன். குஜராத்தியில் அது சிற்றப்பா முறை. அவர் தூசி மூடியைத் தட்டிக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டையும் வாஷரையும் எடுத்து, ஹப்பை மெல்ல உருவினார். வெளிப் பேரிங்கின்மேல் மஞ்சள் நிறப் புதுக் கிரீஸ் செழிப்பாக இருந்தது. உட்பேரிங்கில் பழைய கிரீஸ் கறுத்து, நீர் கலந்து பால்போல் வெளுத்துக் கிடந்தது. பின்புறச் சீலின் உதடு கிழிந்திருந்தது. பணிமனையார் மூடியை மட்டும் திறந்து, வெளியே தெரிந்த இடத்தில் கிரீஸை அப்பி மூடியிருக்கிறார்கள். காகா கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உருளைகளின் இடைவெளிக்குச் சரியாக, சீப்புப் பல் பதிந்ததுபோல், கரிய கோடுகள். "பேட்டா, இது ஓடித் தேய்ந்ததில்லை. நின்று கெட்டது" என்றார்.

நான்கு மாத மழையில், சீல் வழியே புகுந்த ஈரம் உருளைகள் தொட்டுநின்ற இடங்களில் மட்டும் இரும்பை அரித்திருந்தது. அதன்மேல் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் அக்கோடுகளைக் குழிகளாக்கியது. கோனை மட்டும் மாற்றினால் போதாதா என்று ஓட்டுநர் கேட்டார். காகா தலையசைத்து மறுத்தார். கப்பும் கோனும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை; குழிவிழுந்த கப்பில் புதுக் கோன் ஓடினால் அதுவும் விரைவில் குழியும். பழைய கப்பை உளிக்கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றி, ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதிய கப்பைக் குத்தி இறக்கினார்.

கிரீஸ் ஏற்றுவதை அவர் என்னையே செய்யச் சொன்னார். இடது உள்ளங்கையில் ஓர் எலுமிச்சையளவு கிரீஸ். வலக்கையில் பேரிங், அதன் அகன்ற விளிம்பைக் கிரீஸில் அழுத்தி அழுத்தி இழுக்கவேண்டும். உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் கிரீஸ் புழுக்களாய் எட்டிப்பார்க்கும்வரை அந்த இடத்தை விடக்கூடாது. பிறகு சற்றுத் திருப்பி அடுத்த இடம். ஹப்பின் உட்குழியை முழுவதும் நிரப்பக்கூடாது. நிரப்பினால் கடைந்து கடைந்து சூடேறும். பிறகு நட்டு. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முடுக்கி உருளைகளைப் பதியவைத்து, பின் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, பின் துளைக்கு நேர்வரும்வரை சற்றே பின்வாங்கினார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆட்டம் இருக்கவேண்டும் என்று நூல்கள் கூறும். காகாவுக்கு எண் தேவைப்படவில்லை. "இறுக்கினால் எரியும், விட்டால் ஆடும்" என்று சொல்லிக்கொண்டே புதிய ஸ்பிளிட் பின்னை மாட்டினார். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுவதை அவர் ஒப்பவில்லை. அன்று நாங்கள் இழந்தது இரண்டு நாள். இன்னும் நாற்பது கிலோமீட்டர் சென்றிருந்தால் பட்டறையில்லாத உப்புவெளியில் நின்றிருப்போம்.

எந்தக் கிரீஸ் என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் பயன்படுத்துவது லித்தியம் காம்ப்ளெக்ஸ், கெட்டித்தன்மை எண் 2. நீரை எதிர்ப்பதில் கால்சியம் சல்ஃபனேட் வகை இதைவிடச் சிறந்தது. ஆனால் எங்கள் வழியிலுள்ள ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. எதுவாயினும் ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்தவேண்டும். வெவ்வேறு சோப்புகளால் கெட்டிப்படுத்திய கிரீஸ்கள் கலந்தால் இளகி வழிந்துவிடக்கூடும். பேட்டரியிலும் லித்தியம், கிரீஸிலும் லித்தியம் என்பது தற்செயல். ஆனால் கிரீஸிலுள்ள லித்தியம் சோப்புக்குரிய கொழுப்பமிலம் பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படுகிறது என்று படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் தாத்தா தம் மாட்டுவண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மசகிடுவார். சிறுவயதில் அந்தக் கறையோடு வீட்டுக்குள் நுழைந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நாட்டின் ஆமணக்கில் பெரும்பகுதி விளைவது குஜராத்தில்தான். அந்த வயல்களின் ஓரமாகத்தான் எங்கள் டப்போ போய்வருகிறது.

ரண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப்பை உடனே உவர்நீர்த் தேக்கத்தில் இறக்கக்கூடாது. உள்ளிருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கும்போது சீலின் இடுக்கு வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். படகு இழுக்கும் டிரெய்லர்களைப் பேணுவோர் நன்கறிந்த செய்தி இது. ஆகவே காராகோடாவைத் தாண்டியதும் அரைமணி நேரம் நின்றுதான் உள்ளே இறங்குகிறோம். திரும்பி வந்ததும் நன்னீரால் கழுவுவது கட்டாயம். ஆனால் அழுத்தமான நீர்த்தாரையைச் சீலின்மேல் பீய்ச்சக்கூடாது.

இப்போது டப்போவுக்கு ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் முதல் நிறுத்தத்தில் இரு ஹப்புகளின் வெப்பம், ஷண்ட் மானியின் எண், கொக்கிச் சுமை. மழைக்காலத்தில் மாதமொருமுறை சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சில சுற்றுகள் சுழற்றியதற்கான தேதியும் கையொப்பமும். லித்தியத்தை அரை நிறைவில் துண்டித்து வைத்த நாள். முதல் பக்கத்தில் அந்தப் பழைய திட்ட உதவியாளரின் பெயரை எழுதியிருக்கிறேன். தொலைபேசியில் தேடிப் பிடித்துக் கேட்டபோது, உட்பேரிங்கின் சீலை ஒவ்வோர் ஆண்டும் தாம் மாற்றிவந்ததாகவும், அதன் விலையைப் பலமுறை கைக்காசிலிருந்தே கொடுத்ததாகவும் சொன்னார். அந்த விவரமும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரும் காகாவின் பெயரும் வரும். அதற்கு நெறியாளர் தடையேதும் சொல்லவில்லை. முறையியல் இயலில் ஒரு பத்தி சேர்க்கலாமா என்பது மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. இடப்பக்க ஹப்பின் வெப்பம் ஏறியதால் விடுபட்ட இரண்டு நாளை 'கருவிக்கோளாறு' என்றுதான் அட்டவணையில் இப்போது குறித்திருக்கிறோம்.

அக்டோபரில் புதிய ஆய்வாளர் ஒருவர் இந்தத் தளத்தைத் தொடரப்போகிறார். வலப்பக்க ஹப்பை இருவருமாகச் சேர்ந்து சென்ற சனிக்கிழமை திறந்து, கழுவி, கிரீஸிட்டு மூடினோம். இடப்பக்கத்தை அவர் தனியே திறக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.